செல்போன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

செப்டம்பர் 9, திங்கள்

ரசாயனம் சப்ளை செய்கிறவர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. மிக்ஸி டப்பாவுக்கு மேல் இத்தனை மாதம் சும்மா கிடந்தது. பரிதியின் எடை, ரத்த அழுத்தம், குடித்த தண்ணீர் மூன்றையும் தினமும் எழுதி வைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அதற்கும் ஒரு வேலை வந்துவிட்டது.

எடை 68. அழுத்தம் வழக்கம்போல் கூடுதல். தண்ணீர் எழுநூறு மில்லி. எழுநூற்றைம்பது வரை அனுமதி உண்டு. மீதி ஐம்பதை நாட்டுக்குத் தானம் செய்துவிட்டாராம். டயாலிசிஸ் முடிந்து வந்து, சோர்ந்து சாய்ந்தபடி பேசிய பேச்சு இது. பதினெட்டு வருடம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதிய பி.டி. மாஸ்டர். சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்த பிறகும் என் வீட்டுக்காரருக்கு வாய் மட்டும் ஓயவில்லை.

பக்கம் பெரிதாக இருப்பதால் என் கதையையும் இதிலேயே எழுதிக்கொள்ளப்போகிறேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

எடை, அழுத்தம் நேற்றுப் போலவே. தண்ணீர் எழுநூற்றைம்பது.

பக்கத்து வீட்டு அக்கா, "தமயந்தி, உங்க கம்பெனியில நீ வைரஸ் வளக்குறியாமே?" என்று கேட்டுவிட்டு ஒரு எட்டு தள்ளி நின்றாள். வைரஸ் இல்லை அக்கா, வைரஸ் மாதிரி என்றேன். இன்னும் ஒரு எட்டு தள்ளிப் போனாள்.

நான் வளர்ப்பது மனிதச் செல்களை. ஐம்பது லிட்டர் தொட்டி. கட்டுரையில் உயிரிக்கலன், வாயில் பயோரியாக்டர். எஃகு உருளைக்குள் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் சத்து நீர், அதில் மிதக்கும் செல்கள். உடம்புச் சூடு, மெதுவான கலக்கல், அளவான ஆக்சிஜன். செல்கள் போதுமான அளவு பெருகியதும், சிக்குன்குனியா வைரஸின் மேலோட்டைச் செய்வதற்கான குறிப்பை மட்டும் அவற்றுக்குள் அனுப்புவோம். செல்கள் அதைப் படித்து ஓடு ஓடாகச் செய்யும். ஓடுகள் தாமாகச் சேர்ந்து உருண்டையாகி வெளியே வரும். பார்க்க அசல் வைரஸ். உள்ளே சரக்கு கிடையாது. பெருகாது, நோய் தராது. உடம்பு மட்டும் அதைப் பார்த்து எதிரியின் முகத்தைப் பழகிக்கொள்ளும்.

இதைப் பரிதியிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாஸ்டர் இல்லாத விசிலு" என்றார்.

"என்னது?"

"நான் லீவுல இருக்கேன்னு வை. எவனோ ஒருத்தன் என் விசிலை எடுத்து ஊதுறான். பசங்க அலறி அடிச்சிக்கிட்டு லைன்ல நிப்பானுங்க. அடிக்க ஆளே கிடையாது, ஆனா லைன் நேரா நிக்கும். அதானே உன் மருந்து?"

ஆறு வருடமாகக் கூட்டங்களில் கலர் கலராகப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு சுளுவாக எனக்கு வந்ததில்லை. அடுத்த கூட்டத்தில் இதைத் திருடிச் சொல்லிவிட வேண்டியதுதான்.

செப்டம்பர் 12, வியாழன்

வேலை முடிந்து வெளியே வந்து பார்த்தால் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு நான்கு தவறிய அழைப்புகள். பரிதிக்கு மூன்று.

ராத்திரிக்கு ரசம் வைத்தேன். உப்பில்லாத ரசம்.

செப்டம்பர் 13, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் மனசு அடங்காது.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. என்னுடையதைக் கொடுக்கலாம் என்று நான் முதலில் போய் நின்றேன். உங்களுக்கே சர்க்கரை, பேசாமல் வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர் அண்ணனுடையது பொருந்தவில்லை. ஆகவே மூளைச்சாவு அடைந்த யாருடைய குடும்பமோ மனசு வைத்தால்தான் உண்டு. அப்படி ஒன்று வரும்போது வரிசைப்படி கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் அடுத்தவர். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சிறுநீரகம் காத்திருக்காது.

நேற்று கூப்பிட்டார்கள். பரிதி டயாலிசிஸில் அழுத்தம் இறங்கி மயக்கத்தில் கிடந்தார், போன் பைக்குள். நான் தலை முதல் கால் வரை மூடிய உடுப்பில், கிருமி நுழையக் கூடாத சுத்த அறைக்குள் இருந்தேன். என் போன் வெளியே நடைவழியில் தட்டில். அந்தச் சிறுநீரகம் வேறு யாருக்கோ போய்விட்டது. அந்த யாரோ நன்றாக இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். வாயில் வருகிறது, இன்னும் உள்ளே இறங்கவில்லை.

பரிதி, "விடு, முதல் ரவுண்டு 'பை'. ஆடாமலே அடுத்த ரவுண்டு" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 17, செவ்வாய்

தரக் கட்டுப்பாட்டு ஹெப்சிபா மேடத்திடம் போய் நின்றேன். ஆபீசில் பரிதியின் சங்கதி தெரிந்தவர்கள் எங்கள் தலைமை அதிகாரியும் என்னோடு வேலை செய்யும் ரஹ்மத்தும்தான். மூன்றாவதாக இவரிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. பாளையங்கோட்டைக்காரர். ஒற்றைக் கொண்டை, ஒற்றைப் பேனா. ஒரு கமா விட்டுப்போனால் முழுக் கோப்பையும் திருப்பி அனுப்புகிறவர்.

எல்லாவற்றையும் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"தமயந்தி, ஒங்க கஷ்டம் புரியுது. ஆனா போனு உள்ள போவாது."

"மேடம், பையில போட்டு, ஆல்கஹால்ல துடைச்சு..."

"தொடச்சாலும் போனு போனுதான். மார்ச்சு மாசத்த மறந்துட்டியளா?"

மறக்கவில்லை. ரிப்பேர் பார்க்க வந்த ஒருவர் உடுப்புக்குள் போனோடு உள்ளே போய், அதை எடுத்துப் படமும் பிடித்திருக்கிறார். மூன்றாம் நாள் தொட்டி முழுக்கக் கஞ்சித் தண்ணியாகக் கலங்கிப்போயிற்று. கிருமி. அத்தனையையும் கொன்று கொட்டினோம். அன்றைக்கு மேசையைத் தட்டி, இனி யார் போனும் உள்ளே வரக் கூடாது என்று கத்தியதே நான்தான். கேட்டு வாங்கிய விதி இப்போது என் கழுத்தில்.

கம்பெனி போர்டு நம்பரை ஆஸ்பத்திரியில் கொடுக்கலாமே என்றார். கொடுத்துப் பார்த்தாயிற்று, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று பாட்டுப் போட்டுவிட்டுக் கட்டாகிறது.

கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டார். "ஒங்க போனு அடிச்சா என்ன சத்தம் வரும்?"

"விசில் சத்தம் மேடம். எங்க வீட்டுக்காரர் ஊதிப் பதிஞ்சது."

தலையை ஆட்டிவிட்டுக் கோப்பைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். மனுஷிக்குக் கல் நெஞ்சு. இனி இந்த விஷயமாக யாரிடமும் போய் நிற்கப்போவதில்லை.

செப்டம்பர் 25, புதன்

தண்ணீர் எழுநூற்றைம்பது. ஒரு ஐஸ் கட்டியை மட்டும் நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

புதுக் கூத்து. செல்போன் தட்டுக்குப் பக்கத்தில் ஹெப்சிபா மேடம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மடியில் கோப்பு, தரையில் கோப்பு. மதியச் சாப்பாடும் அங்கேயேதான். அந்த நடைவழியில் ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கும். அதற்கென்று வீட்டிலிருந்து ஸ்வெட்டர் வேறு. யார் எப்போது உள்ளே போகிறார்கள், எப்போது வெளியே வருகிறார்கள் என்று வேவு பார்க்காமல் வேறென்ன?

"அவங்க ரூம்ல ஏசி ரிப்பேரா இருக்கும் அக்கா" என்றாள் ரஹ்மத். யாரைப் பற்றியும் தப்பாக நினைக்கத் தெரியாத பெண். போய்ப் பார்த்தேன். ஏசி அருமையாக ஓடுகிறது.

செப்டம்பர் 30, திங்கள்

தட்டில் வைக்கும் போன்களை எல்லோரும் சைலன்ட்டில் போட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை. நானும் போடப் போனேன். "நீங்க போட வேண்டாம்" என்றார் ஹெப்சிபா மேடம், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே.

இந்தச் சலுகை எனக்கு மட்டும் எதற்கு என்று நான் கேட்கவில்லை. போனை உள்ளே விடாதவர், வெளியே அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன?

அக்டோபர் 3, வியாழன்

உறைநிலையிலிருந்து ஒரு குப்பி செல்களை எடுத்து எழுப்பினோம். விரல் நுனி அளவு குப்பி. வெந்நீரில் காட்டி, கடைசிப் பனித்துளி கரையும் முன்னே எடுத்துவிட வேண்டும். ரஹ்மத் உள்ளுக்குள் ஏதோ ஓதிக்கொள்வாள், உதடு மட்டும் அசையும். நான் மனசுக்குள் "எழுந்திருங்கடி" என்பேன். இது எங்கள் இரண்டு பேரின் வழக்கம். எந்த நடைமுறைப் புத்தகத்திலும் இல்லை.

நீலச் சாயம் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தோம். செத்த செல் நீலமாகும். அநேகமாக எல்லாமே பளிச்சென்று வெள்ளை. மூன்று வாரம் குடுவை மாற்றிக் குடுவை மாற்றி வளர்த்து, தொட்டியில் விட வேண்டும். நன்றி என்று எழுதத் தோன்றுகிறது, யாருக்கு என்று தெரியாவிட்டாலும்.

அக்டோபர் 10, வியாழன்

நாளைக்கு ஆயுத பூஜை லீவு என்பதால் இன்றே கொண்டாட்டம். தொட்டிக்குப் பொட்டு வைக்க முடியாது. குங்குமம் சுத்த அறைக்குள் போனால் ஹெப்சிபா மேடம் எங்களைக் கொன்றுவிடுவார். ஆகவே வருடா வருடம், உடைந்துபோய் வரவேற்பறையில் கிடக்கும் ஒரு பழைய பம்புக்குத்தான் எல்லா மரியாதையும். சந்தனம், மாலை, சாம்பிராணி. ஓடுகிற எந்திரங்கள் எல்லாம் உள்ளே வெறும் நெற்றியோடு உழைக்க, ஓடாத ஒன்று வெளியே சாமியாக உட்கார்ந்திருக்கும்.

வாசலில் பூசணிக்காய் உடைக்கத் தடை. பூஞ்சை பரவுமாம். "எலுமிச்சங்கா நசுக்கிக்கிடுங்க, அதுக்கு ஆட்சேபணை இல்ல" என்றார் மேடம். பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு நேராக அந்த நாற்காலிக்கே போய்விட்டார். ரஹ்மத் உள்ளே செல்களுக்குச் சத்து நீர் மாற்றிக்கொண்டிருந்தாள். நானும் போய் உடுப்பு மாற்றிக்கொண்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

டாக்டரிடம் போயிருந்தோம். மாற்று அறுவை நடந்தால் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையை ஆயுசுக்கும் போட வேண்டும். "அதுக்கப்புறம் உயிருள்ள கிருமியை வச்சுச் செய்யற தடுப்பூசி எதுவும் மாஸ்டருக்குப் போடக் கூடாதும்மா" என்றார்.

எனக்குத் தெரிந்த பாடம்தான். இருந்தாலும் அவர் வாயால் கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. எங்கள் சரக்கில் உயிருள்ள கிருமி இல்லை. வெறும் ஓடு. சோதனையெல்லாம் தாண்டி ஒரு நாள் அது மருந்தாக வந்தால், பரிதி மாதிரி ஆட்களுக்கும் போட முடியும் என்று நம்ப இடமிருக்கிறது. இத்தனை வருடம் பொதுமக்களுக்காக வேலை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று பஸ்ஸில் என் தோளில் தூங்கிக்கொண்டு வந்த ஒரே ஒரு ஆளுக்காகச் செய்வதுபோல் இருந்தது. பொதுமக்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அக்டோபர் 19, சனி

எடை கூடியிருக்கிறது. கால் வீக்கம். டயாலிசிஸில் இருந்து வந்ததும் பேச்சில்லை, கிண்டலில்லை. கிண்டலில்லாத பரிதியை எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை, பயமாக இருக்கிறது.

கோவிலுக்குப் போனேன். கையைக் கூப்பி நின்றால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. சீக்கிரம் போன் வரட்டும் என்று கேட்டால், எங்கோ ஒரு வீட்டில் யாரோ சாகட்டும் என்று கேட்பதாகாதா? ஒன்றும் கேட்காமல் திருநீறு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

தொட்டி நிறைய செல்கள். கணக்குக்கு மேலேயே பெருகியிருக்கின்றன. நாளை காலை அவற்றுக்குள் குறிப்பை அனுப்புகிறோம்.

அக்டோபர் 24, வியாழன். ஆஸ்பத்திரி வராந்தா

டைரி இருந்த பையோடு ஓடி வந்ததால் இதுவும் கூட வந்திருக்கிறது. பேனா நர்ஸிடம் இரவல். நேற்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதப் பார்க்கிறேன்.

காலையில் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு பைகள். ஒன்றில் அந்தக் குறிப்பு, அதாவது மேலோட்டுக்கான டி.என்.ஏ., இன்னொன்றில் அதைச் செல்லுக்குள் தூக்கிப் போகும் பாலிமர். இரண்டையும் கலந்துவிட்டால் கால் மணி நேரத்துக்குள் தொட்டிக்குள் செலுத்திவிட வேண்டும். தாமதித்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும், செல்லுக்குள் நுழையாது. மூன்று வாரப் பாடு வீண். நான் கலந்துவிட்டேன். ரஹ்மத் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கண்ணாடியில் படபடவென்று தட்டல்.

கண்ணாடியைத் தட்டாதீர்கள் என்று அங்கே எழுதி ஒட்டியவரே ஹெப்சிபா மேடம். அவரேதான் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு தாளைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். "போன் வந்தாச்சு. சரின்னு சொல்லிட்டேன். வா."

நான் புரியாமல் நின்றேன். என்ன போன், எந்தக் கோப்பு? அவர் தாளைக் கீழே போட்டுவிட்டு, வாயில் கையை வைத்து விசில் ஊதுவதுபோல் காட்டினார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

"அக்கா, குழாய் கிளாம்பை என்கிட்ட குடுங்க. போங்க" என்றாள் ரஹ்மத்.

"ரெண்டு பேர் இல்லாம திறக்கக் கூடாது ரஹ்மத்." அந்த நிலையிலும் என் வாயில் விதிதான் வருகிறது.

இன்டர்காமில் மேடத்தின் குரல். "நான் கண்ணாடி வழியா பாக்கேன். நாந்தான் ரெண்டாவது ஆளு. ரஹ்மத், நீ தொறம்மா. தமயந்தி, நீங்க மொதல்ல வெளிய வாங்க."

சுத்த அறையிலிருந்து ஓடி வர முடியாது. கையுறை, தலைமூடி, மேலுடுப்பு, காலுறை என்று வரிசைப்படி கழற்றி அதனதன் கூடையில் போட வேண்டும். ஒவ்வொன்றாகக் கழற்றி, அதனதன் கூடையில் போட்டபடி அழுதேன். நான் நடைவழிக்கு வரவும், உள்ளே ரஹ்மத் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டவும் சரியாக இருந்தது. முழுக் கலவையும் நேரத்துக்குள் தொட்டிக்குள் போய்விட்டது.

"ரெண்டு மணி நேரத்துல வரணுமாம். கம்பெனி கார ஒங்க வீட்டுக்கு வரச் சொல்லிட்டேன். மாஸ்டர் போனு அணைஞ்சு கெடக்கு. எங்க இருப்பாவ?" என்று நடந்துகொண்டே கேட்டார் மேடம். கையில் ஸ்கூட்டர் சாவி.

"வீட்லதான் மேடம். அவங்க என்ன கேட்டாங்க? நீங்க எப்படிச் சரின்னு..."

"நீங்க யாருன்னு கேட்டாவ. அக்கான்னுட்டேன்."

ஒரு கமாவைக்கூட மாற்றி எழுத விடாத மனுஷி.

அவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். நாற்பதுக்கு மேல் ஓட்ட மாட்டார் என்று கம்பெனியே கேலி செய்யும். நேற்றும் நாற்பதைத் தாண்டவில்லை. "ஒங்களயும் சேத்து அங்க படுக்க வைக்கவா?" என்றார் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. அவர் ஸ்வெட்டரின் முதுகு என் முகத்துக்கு நேராக இருந்தது. ஒரு மாதமாக, அந்தக் குளிரில், அந்த நாற்காலியில். எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது, அல்லது அப்போதுதான் புரிந்துகொள்ள மனசு வந்தது. ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் பரிதி நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பிய பிறகு போன் பக்கெட்டில் விழுந்துவிட்டதாம். இவருக்குத் தண்ணீர் தடை, இவர் போன் ஒரு பக்கெட் குடித்திருக்கிறது. அதை அரிசி டப்பாவில் புதைத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று இருந்திருக்கிறார். சொன்னேன். எழுந்து நின்றார். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார். ஆணியில் தொங்கிய விசிலை மட்டும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கார் கிளம்பும்போது மேடம் ஜன்னலுக்குள் குனிந்து, "காலைல என்ன சாப்பிட்டிய?" என்று அவரிடம் கேட்டார்.

"ரெண்டு இட்லி மேடம்."

"எத்தன மணிக்கு? டாக்டர் கேப்பாவ, சரியாச் சொல்லணும்."

அறுவை முடிந்துவிட்டது. கண்ணாடி வழியாக ஒரு தடவை காட்டினார்கள். அவ்வளவுதான் இப்போதைக்குத் தெரியும்.

அக்டோபர் 25, வெள்ளி

புதுச் சிறுநீரகம் மேசையிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டதாம். நர்ஸ் பையைத் தூக்கிக் காட்டினாள். மஞ்சளாக, தெளிவாக, நானூறு மில்லி.

எத்தனையோ வருடமாக எத்தனையோ திரவங்களை அளந்திருக்கிறேன். எதைப் பார்த்தும் அழுததில்லை. "என்னம்மா, யூரினுக்குப் போய்..." என்று சிரித்துவிட்டு அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

கொடுத்தவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள், அது முறை. புதன்கிழமை காலை, எனக்குப் போன் வருவதற்கு முன்னால், எங்கோ ஒரு வராந்தாவில் ஒரு குடும்பம் நின்றிருக்கிறது. அவர்களிடம் யாரோ ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் வேறு யாருடைய வீட்டுக்காரரைப் பற்றியோ அவர்களால் நினைக்க முடிந்திருக்கிறது. என்னால் முடிந்திருக்குமா என்று கேட்டுக்கொள்கிறேன். தெரியவில்லை.

உங்கள் வீட்டு வாசல் எந்தத் தெருவில் என்று தெரியாது. தெரிந்தால் வந்து விழுந்து கும்பிட்டிருப்பேன். இங்கேயே எழுதிவைக்கிறேன். உங்கள் பிள்ளையோ, கணவரோ, தங்கையோ, அவர்களில் ஒரு பங்கு என் வீட்டில் நன்றாக இருக்கிறது. நன்றாகப் பார்த்துக்கொள்வேன்.

செப்டம்பரில் எங்களுக்குத் தவறிப்போனது கிடைத்த அந்த இன்னொருவரையும் நினைத்தேன். நன்றாக இருக்கட்டும். இன்று உள்ளே இறங்கியது.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

ஆஸ்பத்திரியில் வெடிச் சத்தம் மட்டும். நோயாளிக்கு முகக்கவசம், எனக்கும் முகக்கவசம். எனக்குப் பழக்கம்தான்.

டாக்டர், தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். பரிதி முதல் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பழக்க தோஷத்தில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு மிச்சத்தை என்னிடம் நீட்டினார்.

"முழுசும்" என்றேன்.

"முழுசுமா?" என்றார், சின்னப் பையன் மாதிரி. குடித்தார். இன்னொன்று கேட்டார்.

நவம்பர் 14, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாத்திரைப் பெட்டியில் ஒரு மளிகைக் கடையே இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே நின்று நலம் விசாரித்தாள். இந்த முறை அவள் தள்ளி நின்றது நல்லதாய்ப் போயிற்று.

ரஹ்மத் ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்தது. சாம்பல் நிறப் பின்னணியில் சின்னச் சின்ன உருண்டைகள், ஓரமெல்லாம் முள். "அக்கா, நம்ம புள்ளைங்க" என்று கீழே எழுதியிருந்தாள். விளைச்சல் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் உடைசல் இல்லை, எல்லாம் முழு உருண்டை. அடுத்த கட்டச் சோதனைக்கு இது போதும்.

பரிதி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இதுல எது விசிலு?"

"எல்லாமே."

"மைதானம் தாங்காதுடி" என்றார். கிண்டல் திரும்பிவிட்டது.

டிசம்பர் 2, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். பரிதியின் அண்ணன் கூட இருக்கிறார். பையில் அல்வா டப்பாவோடு நேராக நடைவழிக்குப் போனேன். நாற்காலி இருந்தது, ஹெப்சிபா மேடமும் இருந்தார்.

வழியெல்லாம் என்னென்னவோ பேச நினைத்திருந்தேன். "மேடம்" என்று மட்டும் சொல்லி டப்பாவை நீட்டினேன்.

"மாஸ்டருக்குக் கிட்னி டெஸ்ட்ல கிரியேட்டினின் எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன். "நல்லது" என்று குறித்துக்கொள்கிறவர் மாதிரி தலையாட்டினார். அல்வாவை வாங்கி நாற்காலிக்கடியில் வைத்தார். "நடைவழில தின்பண்டம் கூடாது. எம் மேலயே விதி மீறுனதுக்கு ஒரு டீவியேஷன் ரிப்போர்ட் போட்டு வச்சிருக்கேன். கண்ணாடியத் தட்டுனது, வேல நடுவுல ஆள வெளிய கூப்பிட்டது, ரெண்டும். அதோட இதயும் சேக்க வேண்டாம்."

"அக்கான்னு சொன்னதை?"

"அதுக்கு ஆண்டவர்ட்ட தனியா மன்னிப்பு கேட்டாச்சு."

"போன் வரணும்னு வேண்டிக்கிட்டீங்களா மேடம்?" என்று கேட்டேன். கோவிலில் நான் ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்ததையும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "அதுக்கு நான் ஜெபம் பண்ணல. அது எப்படிப் பண்ண முடியும்? போனு அடிச்சா எங்காதுல விழணும்னு மட்டும் ஜெபம் பண்ணேன். எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம். அதான் நாற்காலிய இந்தப் பக்கமாத் திருப்பிப் போட்டேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் விட்டுவைத்தார். பிறகு, "கை கழுவிட்டு உள்ள போங்க" என்றார்.

டிசம்பர் 20, வெள்ளி

நாற்காலி இப்போது நடைமுறைப் புத்தகத்தில் ஏறிவிட்டது. சுத்த அறைக்குள் ஆள் இருக்கும் நேரமெல்லாம் தட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து போன்களைக் கேட்க வேண்டும். அவசரமென்றால் இன்டர்காமில் சொல்ல வேண்டும். எழுதியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. கமா எல்லாம் சரியாக இருக்கிறது. முறை போட்டுப் பெயர் எழுதியிருக்கிறார்கள். இன்று நான். ஸ்வெட்டர் கொண்டுபோயிருந்தேன்.

ஹெப்சிபா மேடம் ஆய்வுக்காக உள்ளே போனார். முதல் தடவையாக அவர் போன் தட்டில். கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. எடுத்தேன்.

"ஹெப்சியா?" வயதான பெண் குரல். பாளையங்கோட்டைப் பேச்சு.

"இல்லம்மா, மேடம் உள்ள இருக்காங்க. நான் கூட வேலை செய்யறவ. அவசரம்னா கூப்பிடறேன், இல்லைன்னா கேட்டுச் சொல்றேன், சொல்லுங்க."

"அவசரமெல்லாம் இல்லம்மா. நான் அவ அம்ம. கிறிஸ்மஸுக்கு எந்த ரயில்ல வாரான்னு கேக்கத்தான். கொஞ்சம் சொல்லிரு என்ன?" வைக்கப் போனவர் ஏதோ நினைவு வந்ததுபோல் நிறுத்தினார். "யம்மா, ஒனக்குத் தெரியுமான்னு தெரியல. அங்க யாரோ ஒரு விசிலு மாஸ்டராம்லா. தண்ணி குடிக்கக் கூடாதுன்னு கெடந்தாராம். மூணு மாசமா இங்க வீட்ல தெனமும் அவருக்காவ ஜெபம் பண்ணுதோம். இவ போனப் பண்ணா அரக்க பரக்கப் பேசிட்டு வச்சிருதா, ஒழுங்கா ஒண்ணும் சொல்ல மாட்டா. அவர இப்ப தண்ணி குடிக்க விட்டுட்டாவளா?"



"குடிக்கிறாரும்மா" என்றேன். "தினமும் மூணு லிட்டர்."